லேஸ் சுற்றும் இயந்திரம் காட்டும் மீட்டர் சரிதானா?

கோலாலம்பூர்: தீபாவளி, நோன்புப் பெருநாள் காலங்களில் தையற்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. சேலைக்கு ஓரம், ரவிக்கைக்கு ஜரிகை லேஸ், பாவாடைக்கு நாடா, பாஜு கூரோங்கிற்குப் பூவேலை லேஸ் என்று அலங்காரப் பொருள்கள் மீட்டர் கணக்கில் விற்பனையாகும். தலைநகரின் மஸ்ஜித் இந்தியா, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை வட்டாரங்கள் இவ்வகை வணிகத்திற்குப் பெயர் பெற்றவை.

ஒன்றிரண்டு மீட்டர் கேட்டால் கடைக்காரர் மேசையோரத்தில் பதித்த இரும்பு அளவுகோலில் வைத்து அளந்து கொடுத்துவிடுவார். பத்து, இருபது மீட்டர் என்றால் பல கடைகளில் வேறொரு கருவி வேலைக்கு வரும். மேசை விளிம்பில் திருகி வைக்கப்பட்டிருக்கும் அந்தச் சிறிய இரும்புக் கருவியில் ஒரு கைப்பிடி, ஒரு சக்கரம், எண்கள் ஓடும் ஒரு சிறு பெட்டி ஆகியவை இருக்கும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற லேஸ் பெரிய சுருளிலிருந்து பிரிந்து, ஓர் அட்டையிலோ சிறிய சுருளிலோ போய்ச் சுற்றிக்கொள்ளும். எண் பத்தைத் தொட்டதும் கத்தரி விழும்.

வாங்குபவரின் கண் அந்த எண்ணில்தான் இருக்கும். பத்து என்று காட்டினால் பத்து மீட்டர் கிடைத்துவிட்டது என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஆனால் அந்த எண் எப்படி வருகிறது, எந்தச் சூழலில் அது பிசகும், பிசகினால் நட்டம் யாருக்கு என்பதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. வீட்டிலிருந்தபடி தையல் தொழில் செய்யும் பெண்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சாணும் முழமும் மீட்டரும்

நீளத்தை அளக்க மனிதன் முதலில் பயன்படுத்தியது தன் உடலைத்தான். விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். இரண்டு முழம் ஒரு கஜம். மலாய் மக்களிடமும் இதே ஏணிதான் உண்டு. இரண்டு ஜெங்கால் ஒரு ஹஸ்தா, இரண்டு ஹஸ்தா ஓர் எலா. ஹஸ்தா என்ற சொல்லே கையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. நாம் கஜம் என்று சொல்வதைத்தான் மலாய்க்காரர்கள் எலா என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது யார்டு.

முழத்தில் ஒரு சிக்கல் உண்டு. அளப்பவர் கை நீளமாக இருந்தால் வாங்குபவருக்கு லாபம், குட்டையாக இருந்தால் விற்பவருக்கு லாபம். பூச்சரத்தை முழம் போட்டு வாங்கியவர்களுக்கு இது தெரியும். இந்த வேறுபாட்டை ஒழிக்கத்தான் எல்லாருக்கும் பொதுவான அளவைகள் வந்தன. 1959ஆம் ஆண்டு அமெரிக்காவும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா உள்ளிட்ட நாடுகளும் சேர்ந்து ஒரு யார்டு என்பது 0.9144 மீட்டர் என்று உறுதி செய்தன. மலேசியாவில் 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் மீட்டர் முறைக்கு வழி அமைத்தது.

சட்டம் மாறினாலும் பேச்சுவழக்கு முழுதாக மாறிவிடவில்லை. ஜவுளிக் கடைகளில் கஜம், எலா என்ற சொற்கள் இன்றும் புழங்குகின்றன. வெளிநாடுகளிலிருந்து வரும் ரிப்பன், லேஸ் சுருள்கள் பலவற்றின் அட்டையில் 25 யார்டு, 100 யார்டு என்றே அச்சிடப்பட்டிருக்கும். இந்த இரட்டை வழக்கு ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எண் எப்படி ஓடுகிறது?

இக்கருவியின் உயிர் அளவுச் சக்கரத்தில் இருக்கிறது. சக்கரத்தின் சுற்றளவு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். எடுத்துக்காட்டாக, சுற்றளவு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லேஸ் அதைத் தொட்டுக்கொண்டு நகரும்போது சக்கரமும் சேர்ந்து உருளும். ஒரு முழுச் சுற்று என்றால் 20 சென்டிமீட்டர் லேஸ் கடந்துவிட்டது. ஐந்து சுற்று ஒரு மீட்டர். ஐம்பது சுற்று பத்து மீட்டர். லேஸ் நழுவாமல் இருக்க, மேலிருந்து ஒரு சிறிய உருளை அதைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும்.

சக்கரத்தின் அச்சு எண்பெட்டியோடு இணைந்திருக்கும். பெட்டிக்குள் 0 முதல் 9 வரை எழுதிய சிறு வளையங்கள் வரிசையாக இருக்கும். முதல் வளையம் ஒரு முழுச் சுற்றை முடிக்கும்போது அதிலுள்ள ஒரு பல், பக்கத்து வளையத்தை ஓர் எண் தள்ளிவிடும். இரண்டாவது வளையம் ஒரு சுற்று முடித்தால் மூன்றாவது வளையம் ஓர் எண் நகரும். பழைய கார்களில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டிய எண்பெட்டியும் இதே முறையில் இயங்கியதுதான். அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் கர்ட்டிஸ் வீடர் 1895ஆம் ஆண்டு மிதிவண்டிகளுக்காகச் செய்து விற்ற தூரம் காட்டும் கருவி, இவ்வகை எண்பெட்டிகளைப் பரவலாக்கியவற்றில் ஒன்று. மிதிவண்டிச் சக்கரத்தின் கீழே சாலை ஓடுகிறது. இங்கே சக்கரத்தின் மேலே லேஸ் ஓடுகிறது. கணக்கு ஒன்றுதான்.

கைப்பிடியை எத்தனை முறை சுற்றினோம் என்று எண்ணினாலே போதாதா, தனியாக அளவுச் சக்கரம் எதற்கு என்ற கேள்வி எழலாம். லேஸ் சுற்றிக்கொள்ளும் சுருள் ஒவ்வொரு சுற்றிலும் பருத்துக்கொண்டே போகிறது என்பதுதான் காரணம். வெறும் சுருளின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்றால் முதல் சுற்றில் ஏறக்குறைய 15.7 சென்டிமீட்டர் லேஸ் ஏறும். சுருள் பருத்து விட்டம் 10 சென்டிமீட்டர் ஆகும்போது அதே ஒரு சுற்றில் 31.4 சென்டிமீட்டர் ஏறும். கைப்பிடியின் சுற்றை எண்ணினால் தொடக்கத்தில் ஓர் அளவு, முடிவில் இன்னோர் அளவு என்று வரும். அளவுச் சக்கரமோ பருப்பதில்லை. அதனால்தான் அளக்கும் வேலையும் சுற்றும் வேலையும் ஒரே கருவியில் இருந்தாலும் தனித்தனி உறுப்புகளிடம் விடப்பட்டிருக்கின்றன.

பிசகு எங்கே நுழைகிறது?

கருவியின் கணக்கு எளிது. அதைக் கெடுக்கக் கூடிய காரணங்கள் பல. அவற்றுள் சில வாங்குபவருக்குப் பாதகமானவை, சில கடைக்காரருக்குப் பாதகமானவை.

முதலாவது தேய்மானம். பல ஆண்டு ஓடிய சக்கரத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது என்று கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத தேய்வு அது. ஆனால் 20 சென்டிமீட்டர் சுற்றளவு 19.84 ஆகிவிடும். எண்பெட்டிக்கு இது தெரியாது. ஐம்பது சுற்று முடிந்ததும் பத்து மீட்டர் என்றே காட்டும். கையில் கிடைப்பதோ 9 மீட்டர் 92 சென்டிமீட்டர். எட்டு சென்டிமீட்டர் வாங்குபவருக்குக் குறைவு.

இரண்டாவது அழுக்கு. நூல் பிசிறும் லேஸின் பின்னால் தடவிய பசையும் சக்கரத்தில் படிந்தால் அதன் விட்டம் கூடும். இப்போது ஒரு சுற்றுக்கு அதிக லேஸ் கடக்கும். நட்டம் கடைக்காரருக்கு.

மூன்றாவது வழுக்கல். சாட்டின் ரிப்பன் போன்ற வழுவழுப்பான பொருள் சக்கரத்தை உருட்டாமலேயே சற்று நழுவிப் போகும். நழுவிய நீளம் கணக்கில் ஏறாது. இதிலும் கடைக்காரருக்கே நட்டம். சில சக்கரங்களின் விளிம்பில் ரப்பர் பட்டையோ சொரசொரப்பான வரிகளோ இருப்பது இதைத் தடுக்கத்தான்.

நான்காவது தடிமன். பைப்பிங் கயிறு, தடித்த பின்னல் நாடா போன்றவை சக்கரத்தைச் சுற்றி வளைந்து போனால், நாடாவின் நடுப்பகுதி சக்கரத்தின் விளிம்பைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள நாடா சக்கரத்தை அப்படித் தழுவி ஓடும்போது சுற்றுக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடந்துவிடும். 20 சென்டிமீட்டர் சக்கரத்தில் பத்து மீட்டருக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கிறார் என்று பொருள். நாடா வளையாமல் சக்கரத்தை மேலாகத் தொட்டுச் சென்றால் இந்தப் பிசகு வராது.

ஐந்தாவதுதான் பெரியது. அது இழுவிசை. எலாஸ்டிக் போன்ற நீளும் பொருளைக் கைப்பிடியால் வேகமாக இழுத்தால் அது நீண்ட நிலையிலேயே சக்கரத்தைக் கடக்கும். நூற்றுக்குப் பத்து பங்கு நீண்டிருந்தால், எண்பெட்டியில் பத்து மீட்டர் காட்டும்போது உண்மையில் கடந்திருப்பது 9 மீட்டர் 9 சென்டிமீட்டர் மட்டுமே. வீட்டுக்கு வந்து அட்டையிலிருந்து பிரித்துத் தளரவிட்டால் கிட்டத்தட்ட 91 சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். கடைக்காரர் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதே இல்லை. பெரிய சுருள் தானாகச் சுழன்று சிக்காமல் இருக்க அதன் அச்சில் ஒரு தடை வைத்திருப்பார்கள். அந்தத் தடை இறுகியிருந்தாலே போதும், எலாஸ்டிக் நீண்டுவிடும். பின்னல் லேஸ்களிலும் இது ஓரளவு நடக்கும். ஜரிகை லேஸ், நெய்த நாடா ஆகியவை அவ்வளவாக நீளா.

ஆகவே சுற்றும் கையும் அளவையின் ஒரு பகுதியே. ஒரே சீராக, அவசரமில்லாமல் சுற்றும் கைக்கும் வெடுக்கென்று இழுக்கும் கைக்கும் ஒரே கருவி வெவ்வேறு நீளத்தைக் கொடுக்கும்.

பூஜ்யம் எங்கே, வெட்டு எங்கே?

கருவி சரியாக இருந்தும் அளவு தவறும் இடம் ஒன்று உண்டு. அளவுச் சக்கரத்துக்கும் சுற்றும் சுருளுக்கும் இடையே சிறிது தூரம் இருக்கும். அது 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம்.

லேஸின் நுனி சக்கரத்தடியில் இருக்கும்போது பூஜ்யம் வைத்து, முடிவில் சுருளின் பக்கத்தில் வெட்டினால், இடையிலிருக்கும் 20 சென்டிமீட்டர் எண்ணப்பட்டும் வாங்குபவருக்குக் கிடைக்காது. நுனியைச் சுருளில் மாட்டிய பிறகு பூஜ்யம் வைத்து, சக்கரத்தடியில் வெட்டினால், எண்ணப்படாத 20 சென்டிமீட்டர் கூடுதலாகப் போய்விடும். பூஜ்யம் வைக்கும்போது நுனி எங்கே இருந்ததோ அதே இடத்தில் வெட்ட வேண்டும் என்பதே விதி.

பத்து மீட்டரில் 20 சென்டிமீட்டர் என்பது நூற்றுக்கு இரண்டு. ஒரு மீட்டரில் அதே 20 சென்டிமீட்டர் ஐந்தில் ஒரு பங்கு. குறைந்த நீளத்திற்கு மேசையோர அளவுகோலே நம்பகமானது என்று அனுபவமுள்ள கடைக்காரர்கள் கருதுவது இதனால்தான். மணி கோத்த லேஸ், குஞ்சம் தொங்கும் ஓரம் ஆகியவையும் சக்கரத்தின் மேல் சீராக ஓடாமல் துள்ளும். அவற்றையும் அளவுகோலில் வைத்து அளப்பதே முறை.

கஜமா, மீட்டரா?

மேலே சொன்ன பிசகுகளில் பல சில சென்டிமீட்டர்களோடு முடிந்துவிடும். அளவையின் பெயர் மாறினால் இழப்பு இன்னும் பெரிது. யார்டு கணக்கில் எண்ணும் கருவிகளும் உண்டு, மீட்டர் கணக்கில் எண்ணுபவையும் உண்டு. எண்பெட்டியில் 10 என்றுதான் தெரியும். பத்து கஜம் என்பது 9 மீட்டர் 14 சென்டிமீட்டர். பத்து மீட்டருக்கும் அதற்கும் 85 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தரை மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் உள்ள சேலையின் நான்கு பக்கமும் ஓரம் வைக்க 13.2 மீட்டர் லேஸ் தேவை. மூலை மடிப்புக்கும் சேர்த்து 14 மீட்டர் கேட்கிறார் ஒரு தையற்காரர். கருவி கஜத்தில் எண்ணினால் அவர் கையில் கிடைப்பது 12.8 மீட்டர். மூன்று பக்கம் தைத்து நான்காவது பக்கத்தின் கடைசியில் 40 சென்டிமீட்டர் வெறுமையாக நிற்கும். மீட்டருக்கு 4 ரிங்கிட் என்றால் பணத்தில் இழப்பு ஐந்து ரிங்கிட்டுக்கும் குறைவுதான். ஆனால் மறுபடியும் கடைக்குப் போனால் அதே லேஸ் தீர்ந்துபோயிருக்கலாம். புதிய சுருள் வேறு சாயத் தொகுதியிலிருந்து வந்து நிறம் சற்றே மாறியிருக்கலாம். வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி தவறும். தைத்ததைப் பிரிக்க வேண்டியும் வரலாம். சாண் ஏற முழம் சறுக்கிய கதைதான்.

விலைப் பட்டியலில் மீட்டர் என்று எழுதிவிட்டுக் கஜத்தில் அளந்தால், பத்து மீட்டருக்கு 40 ரிங்கிட் கொடுத்தவர் 36 ரிங்கிட் 58 சென் மதிப்புள்ள லேஸை எடுத்துச் செல்கிறார். ஒரு நாளில் ஒருவருக்கு நடந்தால் சிறிய தொகை. ஆண்டு முழுவதும் மொத்தமாக வாங்கும் தையல் கடைக்கு அது நூற்றுக்கு எட்டரைப் பங்கு இழப்பு.

டிஜிட்டல் வந்தால் தீருமா?

மின்மோட்டாரும் ஒளிரும் எண்களும் கொண்ட இயந்திரங்கள் இப்போது கிடைக்கின்றன. பெரிய மொத்த வணிகர்களுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் அவை நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அவற்றுள் பலவற்றிலும் லேஸ் ஒரு சக்கரத்தை உருட்டித்தான் போகிறது. எண்ணும் வேலையைப் பல்வளையங்களுக்குப் பதிலாக மின்னணுப் பாகம் செய்கிறது, அவ்வளவே. லேஸ் வழுக்கினாலும் எலாஸ்டிக் நீண்டாலும் சக்கரம் தேய்ந்தாலும் ஒளிரும் எண்ணும் அதே தவறைத்தான் காட்டும்.

கையால் சுற்றும் கருவிக்கு ஒரு தனிப் பயனும் உண்டு. பெரிய சுருள்களில் சில இடங்களில் லேஸ் அறுந்து, ஒட்டுநாடாவால் இணைக்கப்பட்டிருக்கும். கை மெதுவாகச் சுற்றும்போது அந்த ஒட்டு கண்ணில் படும். கறை, நூல் விட்ட இடம், மணி உதிர்ந்த இடம் ஆகியவையும் தெரியும். வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். மின்சாரம் வேண்டாம், பெரிய இடமும் வேண்டாம் என்பதும் சிறு கடைகளுக்கு வசதி.

கடைக்காரர் செய்யக்கூடிய சோதனை

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆளை அழைக்கும் முன், கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். நீளாத பருத்தி நாடா ஒன்றை எடுத்து, இரும்பு அளவுகோலில் வைத்துச் சரியாகப் பத்து மீட்டர் அளந்து இரு முனையிலும் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு வெளியே இருபுறமும் சிறிது நாடா மிச்சம் இருக்கட்டும். முதல் கோடு சக்கரத்தடிக்கு வரும்போது பூஜ்யம் வைத்து, இரண்டாவது கோடு அதே இடத்துக்கு வரும்வரை சுற்ற வேண்டும். மூன்று முறை இப்படிச் செய்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று முறையும் 10.10 என்று வந்தால் கருவி நூற்றுக்கு ஒரு பங்கு கூடுதலாகக் காட்டுகிறது. வாங்குபவருக்குக் குறைவாகப் போகிறது. 9.90 என்றால் கடைக்கு நட்டம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வந்தால் வழுக்கலோ தளர்ந்த உருளையோ காரணமாக இருக்கலாம். சக்கரத்தைத் துடைத்து, அழுத்தும் உருளையைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் சோதிக்கலாம். அப்போதும் பிசகு நீடித்தால் சக்கரத்தை மாற்ற வேண்டியதுதான்.

வாணிபத்தில் பயன்படும் எடை, அளவைக் கருவிகள் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை. அளவு குறைத்துக் கொடுப்பது குற்றம். இச்சட்டத்தை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு அமலாக்குகிறது. வீட்டுச் சோதனை அந்தச் சரிபார்ப்புக்கு ஈடாகாது. பிசகை முன்கூட்டியே கண்டுகொள்ளத்தான் அது உதவும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

• விலை கேட்கும்போதே மீட்டருக்கா, கஜத்துக்கா என்று கேட்டுவிடுங்கள். ரசீதிலும் அளவையின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

• சுற்றத் தொடங்கும் முன் எண்பெட்டி பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

• எலாஸ்டிக் வாங்கினால் தளர்வாக வைத்து அளவுகோலில் அளந்து தரச் சொல்லுங்கள்.

• மணி லேஸ், குஞ்சம் வைத்த ஓரம், இரண்டு மீட்டருக்கும் குறைவான துண்டு ஆகியவற்றுக்கும் அளவுகோலே நல்லது.

• வளைவு வளைவாக ஓரம் உள்ள லேஸை நேரான விளிம்பில் அளக்க வேண்டும். தைக்கப்படும் பக்கம் அதுதான்.

• ஒட்டுப் போட்ட இடம் வந்தால் அதற்கு ஈடாகக் கூடுதல் நீளம் கேட்கலாம்.

• வீட்டில் அளந்து பார்க்கும் தையல் டேப்பையும் ஒருமுறை இரும்பு அளவுகோலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பழைய டேப் நீண்டிருக்கும். அதை வைத்துக் கடைக்காரரோடு வாதிட்டால் தவறு நம் பக்கம் இருக்கக்கூடும்.

• குறைவு தெரிந்தால் வெட்டித் தைப்பதற்கு முன்பே, பிரிக்காத சுருளையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலான பிசகுகள் கருவியாலும் கைவேகத்தாலும் வருபவை. எடுத்துச் சொன்னால் கடையிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் அமைச்சின் புகார் பிரிவு இருக்கிறது.

கண்முன்னே இன்னொரு முறை அளந்து காட்டச் சொல்வது சண்டைக்கு அழைப்பதாகாது. தன் கருவியை அவ்வப்போது சோதித்துப் பார்க்கும் கடைக்காரர் அதைக் கேட்டுக் கோபப்படவும் மாட்டார். தேய்ந்த சக்கரத்தால் இன்று வாங்குபவருக்குக் குறையும் நீளம், நாளை அழுக்குப் படிந்தால் அவர் கல்லாவிலிருந்தே போகும் என்பது அவருக்கும் தெரியும்.